1.2 கிலோ என்று விற்ற கூடாரம், தராசில் 1.9 கிலோ

வந்த கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன். எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

மலேசியாவில், தென் பேராக்கில் ஒரு தோட்டப்புற ஊர். எழுதியவருக்கு 28 வயது. செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை, மாதம் கைக்கு வருவது 2,300 வெள்ளி (ரிங்கிட்). அப்பா பால்மரம் சீவியவர். அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளை, இப்போது சைக்கிளிலேயே ஊர் சுற்ற ஆசைப்படுகிறார். தெலுக் இந்தான், சித்தியவான் வழியாக லூமுட் போய், படகேறிப் பங்கோர் தீவில் இரண்டு இரவு. அது முடிந்ததும் கேமரன் பக்கம் மலையேற்றம். இரண்டையும் ஒரே சாமான்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். சேமிப்பு 1,200 வெள்ளி.

முதல் அடியிலேயே சறுக்கல். இணையத்தில் 329 வெள்ளி கொடுத்து இரண்டு பேர் படுக்கும் கூடாரம் வாங்கியிருக்கிறார். ‘எடை 1.2 கிலோ, முழுக்க வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருந்தது. பார்சல் வந்த அன்றே, பிரித்துப் பார்க்காமல், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தி ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டார். பிறகு மளிகைக் கடைத் தராசில் தொங்கவிட்டால் 1.9 கிலோ. வீட்டுக்குப் பின்னால் கட்டிப் படுத்த முதல் மழை இரவிலேயே உள்ளே ஈரம். விற்றவர் சிலாங்கூரில் பதிவு பெற்ற கடைக்காரர். ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது, விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒரு நண்பர், தையலில் சிலிக்கான் பூசிவிடு என்கிறார். இன்னொருவர், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 2,800 வெள்ளிக்கு நல்ல செட்டாகத் தவணையில் எடு என்கிறார். இவரோ கடைக்காரரின் படத்தையும் கைபேசி எண்ணையும் முகநூலில் போட்டு ‘திருடன்’ என்று எழுதத் தயாராக வைத்திருக்கிறார். ‘பணம் திரும்பக் கிடைக்குமா ஐயா? கிடைக்காவிட்டால் மிச்சக் காசில் என்ன வாங்குவது? இராத்திரி படுக்கக் கவலையில்லை. வழியெல்லாம் தோட்டம்தானே, நாம் பிறந்து வளர்ந்த இடம்’ என்று கடிதம் முடிகிறது.

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மளிகைக் கடைத் தராசு. வழக்கறிஞனான என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ‘ஏமாத்திட்டாங்க சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எவ்வளவு, எப்போது, எதில் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். நீங்கள் எடை போட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கொக்கியில் எதையெல்லாம் தொங்கவிட்டீர்கள் என்று எழுதவில்லையே. உங்கள் வழக்கு அதில்தான் நிற்கிறது.

மறுபடியும் தராசு, அப்புறம் ஒரு தண்ணீர்க் குழாய்

கூடாரம் விற்கிறவர்களிடம் இரண்டு எடைகள் உண்டு. உள்கூடு, மேல்விரிப்பு, கம்பிகள் மூன்றும் சேர்ந்தது ஒன்று. முளை, கயிறு, தரைவிரிப்பு, உறை எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. விளம்பரத்தில் சின்ன எண்ணைப் போடுவார்கள், வீட்டுக்குப் பெரிய எண் வரும். தரைவிரிப்பும் முளைகளும் சேர்ந்தாலே அரைக் கிலோ வரை போய்விடும். எனவே திரும்பவும் அதே கடைக்குப் போய், முதல் மூன்றையும் தனியாக, மற்றவற்றைத் தனியாக நிறுத்துப் படம் எடுங்கள். முள்ளும் எண்ணும் படத்தில் தெளிவாகத் தெரியட்டும். மூன்றும் சேர்ந்து 1.3 கிலோ என்றால் கடைக்காரருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருக்கிறது. 1.6 கிலோ என்றால் எந்தச் சாக்கும் இல்லை. விளம்பரத்தில் ‘மொத்த எடை’ என்றே போட்டிருந்தால் பேச்சே இல்லை, உங்கள் 1.9 போதும்.

அடுத்தது ஈரம். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். நானே பட்ட அனுபவம் ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் கூடாரம் ஒன்று வாங்கி, மழையில் படுத்து, காலையில் நனைந்த கைலியோடு எழுந்தேன். ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கடைக்காரருக்கு என் அலுவலகத் தாளிலேயே கடிதம் அனுப்பினேன். பாவம் அவர், பயந்துபோய்ப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். வந்தவர் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்து, ‘சார், இந்த ஜன்னலை எல்லாம் மூடிக்கிட்டா படுத்தீங்க?’ என்று கேட்டார். அவ்வளவுதான். ஒழுகியது மழை இல்லை, என் மூச்சு. நம் ஊர் இரவுக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியது. மழையில் மேல்விரிப்பு குளிர்ந்துவிட, உள்ளே விடும் மூச்செல்லாம் அதில் முத்து முத்தாகக் கட்டிச் சொட்டும். மன்னிப்புக் கேட்டேன்; அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே சோதனை செய்யுங்கள். நல்ல வெயில் நாளில் கூடாரத்தை இழுத்துக் கட்டி, உள்ளே யாரும் இல்லாமல், தரை முழுக்கப் பழைய பேப்பர் விரியுங்கள். குழாயால் மேலேயிருந்து இருபது நிமிடம் தண்ணீர் அடியுங்கள். பிறகு உள்ளே போய்ப் பாருங்கள். பேப்பர் தையல் ஓரமாகக் கோடு போட்டது போல நனைந்திருந்தால், அல்லது ஒரு மூலையில் குளம் கட்டியிருந்தால், அது ஒழுகல். பேப்பர் காய்ந்தே இருந்தால் அன்றிரவு நனைத்தது நீங்களேதான். ஆரம்பம் முதல் முடிவு வரை கைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

‘திரும்ப வாங்கப்படாது’ என்ற வரிக்கு எவ்வளவு பலம்

அந்த வரியை எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று கடைக்காரர் நம்புகிறார். எழுதிவிட்டாரே, இனி ஒன்றும் முடியாது என்று நீங்களும் பாதி நம்புகிறீர்கள். இரண்டுமே சரியில்லை. நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1999, வியாபாரி விற்கும் பொருளுக்குச் சில உத்தரவாதங்களைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32-ஆவது பிரிவு. சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 34-ஆவது பிரிவு. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதியோ பலகை மாட்டியோ பறிக்க முடியாது என்பது 6-ஆவது பிரிவு. இணையத்தில் வாங்கியதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது உதவாது. அந்த வகையில் கடைக்காரர் மறுப்பது நியாயமே.

ஐந்து நட்சத்திரம் கொடுத்ததால் உங்கள் உரிமை போய்விடவில்லை. போனது சுலபமான வழி மட்டும்தான். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நீங்கள் அழுத்தும்வரை, அல்லது அதற்கான கெடு முடியும்வரை, விற்பனைத் தளம் பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கும்; அதற்குள் புகார் கொடுத்திருந்தால் கடைக்காரர் ஓடிவந்து பேசியிருப்பார். இனிமேலாவது பிரித்து, நிறுத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

இப்போது சிலிக்கான் விஷயம். தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள். பொருளில் பெரிய குறை இருந்தால் அதை நிராகரித்துப் பணமோ மாற்றுப் பொருளோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும்; நீங்களே அதைக் கெடுத்திருக்கவும் கூடாது. தையல் முழுக்கப் பசை பூசிய கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்தால், ‘இவர்தான் பாழாக்கினார்’ என்று அவர் சொல்வார், சொன்னால் எடுபடும். திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொண்டு சரிசெய்வதா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். ஒழுகல் சரிசெய்யக்கூடிய குறை. அதைச் சரிசெய்து தர கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். எடை அப்படியில்லை. எந்தத் தையல்காரரும் அதிலிருந்து 700 கிராமை வெட்டி எடுக்க முடியாது. எனவே வாதத்தை எடையில் வையுங்கள், ஒழுகலைத் துணைக்கு வையுங்கள். மூன்றாவது வழியும் உண்டு: கூடாரத்தை வைத்துக்கொண்டு, மதிப்புக் குறைந்ததற்கு ஈடாக ஒரு தொகையைக் கேட்பது. சைக்கிளில் கட்டிப் போக 1.9 கிலோ ஒன்றும் பெரிய பாரம் இல்லை. நூறு, நூற்றைம்பது வெள்ளி திரும்பக் கிடைத்து, பேப்பரும் காய்ந்திருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வைத்துக்கொள்வேன். முதுகில் சுமக்கும் மலையேற்றம்தான் முக்கியம் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள்: விளம்பரத்தின் படம், தராசுப் படம், என்ன வேண்டும், 14 நாள் கெடு. பதில் இல்லையென்றால் மலேசிய நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் வருவது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். விஷயம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். முதல் பாரத்தை (படிவத்தை) இணையத்திலேயே நிரப்பி அனுப்பலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். என் பிழைப்புக்கு எதிராக எழுதப்பட்ட சட்டம், ஆனால் நல்ல சட்டம். தீர்ப்பு வந்த பிறகு 14 நாளுக்குள் அதன்படி நடக்காதது குற்றம் என்பதால், விசாரணைக் கடிதம் போனதுமே பல கடைக்காரர்களுக்குத் திடீரென்று நல்ல மனது வந்துவிடும்.

முகநூல் பதிவை அழித்துவிடுங்கள். ‘1.2 கிலோ என்று போட்டிருந்தது, தராசில் இவ்வளவு’ என்று படத்தோடு விமர்சனப் பகுதியில் எழுதுவது உண்மையைச் சொல்வது. படமும் எண்ணும் போட்டுத் ‘திருடன்’ என்று எழுதினால், 329 வெள்ளி கேட்டு நிற்க வேண்டிய நீங்கள் அவதூறு வழக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். அந்த வழக்குக்கு என்னைப் போன்றவர்கள் வர முடியும், 5 வெள்ளிக்கு அல்ல.

1,200 வெள்ளியை எப்படிச் செலவழிப்பது

தவணை செட் வேண்டாம். 2,800 வெள்ளியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 233 வெள்ளி. உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால். இன்னும் ஓர் இரவுகூட வெளியில் ஒழுங்காகத் தூங்காதவருக்கு எந்தப் பொருள் தேவை என்றே தெரிந்திருக்காது. அந்த செட்டில் பாதி குளிர் நாட்டுக்காரருக்குச் செய்தது.

எடை குறைப்பதில் மலிவான வழி, வாங்காமல் இருப்பதுதான். முதல் உதாரணம் தூக்கப்பை. பங்கோரில் இரவில் 24, 25 டிகிரி இருக்கும். அங்கே தூக்கப்பைக்குள் நுழைந்தால் நீராவியில் வைத்த இட்லிதான். ஒரு கைலி, ஒரு மெல்லிய போர்வை, முடிந்தது. உயரே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் கூடக் குறையும். கேமரன் உயரத்தில் இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். அதற்கு 15 டிகிரி என்று குறித்த மெல்லிய செயற்கைப் பஞ்சுப் பை போதும். டெக்கத்லான் மாதிரிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். இறகு வைத்த விலை உயர்ந்த பை நம் ஈரத்தில் நனைந்து கட்டிதட்டிவிடும். பங்கோருக்குப் போகும்போது அதையும் வீட்டிலேயே வையுங்கள்.

அடுப்பிலும் இதே கதை. மலையேற்றக் கடைகளில் திருகு வைத்த குட்டை கேஸ் டப்பா விற்கிறார்கள். அதில் இருக்கும் கலவைக்குத்தான் அந்த விலை, பனியிலும் எரிய வேண்டும் என்பதற்காக. சுத்த பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஆவியாக மறுக்கும். கேமரனில் எந்த இரவும் அவ்வளவு இறங்காது. எனவே ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும், பியூட்டேன் நிரப்பிய நீளமான கேஸ் டப்பாவே நமக்குப் போதும். எந்த ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும். அதில் பொருந்தும் சின்ன மடக்கு அடுப்பாக வாங்குங்கள். டப்பாவை வெயிலில் காயவிடாதீர்கள். மழை என்று கூடாரத்துக்குள் வைத்து மேகி மீ கிளறாதீர்கள்: துணி பற்றிக்கொள்ளும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

படுக்கைக்கு 400 கிராம் அளவில் வரும் மடக்கு நுரைப் பாய் போதும். காற்றடிக்கும் மெத்தை சொகுசுதான், ஆனால் செம்பனை மட்டை முள் ஒன்று குத்தினால் அன்றிரவு கதை முடிந்தது. கூடாரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், புதியதற்கு 400 வெள்ளிக்கு மேல் போக வேண்டாம். நேச்சர்ஹைக் போன்ற சீனத் தயாரிப்புகளில் ஒன்றரைக் கிலோவை ஒட்டி நல்லவை இருக்கின்றன. மேல்விரிப்பு 1,500 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தையாவது தாங்குவதாக இருக்க வேண்டும், தரை அதைவிடக் கூடுதலாக. எடையைவிட முக்கியம் காற்றுப் போக இரண்டு பக்கமும் வழி இருப்பது. ஏன் என்று என் கைலியைக் கேளுங்கள்.

பை ஒன்றே போதும். 45 லிட்டர் முதுகுப்பை வாங்குங்கள், மலைக்கு முதுகில், சைக்கிளுக்குக் கேரியரில். முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டாதீர்கள்; தெலுக் இந்தான் போவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கேரியரில் கட்டுவதற்கு விலை உயர்ந்த பட்டை எதுவும் வேண்டாம். உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பால் நிறைந்த வாளிகளை மேடும் பள்ளமுமான மண் சடக்கில், ஒரு சொட்டுத் தளும்பாமல் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கைகள் அவை. பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, ஒரு முனையைக் கேரியர் கம்பியில் முடிந்து, இழுத்த இழுப்பில் இரண்டு சுற்று, பிறகு முனையைச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுவார்கள். முடிச்சே கிடையாது, அவிழ்க்க ஓர் இழுப்பு. பாரம் தாழ்வாகவும் இரண்டு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கடையில் இதையே வேறு பெயர் வைத்து ஐம்பது வெள்ளிக்கு விற்பார்கள்.

எல்லாம் கட்டி முடித்ததும் மறுபடியும் தராசு. தண்ணீர், சாப்பாடு, கேஸ் தவிர்த்து ஒன்பது கிலோவுக்குள் நின்றால் நல்ல கணக்கு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள். மலையில் மொத்தச் சுமை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இறக்கத்தில் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

பழைய பொருள் வாங்கத் தயங்காதீர்கள். பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்து வரும் மழைச்சட்டைகளும் பைகளும் புதையல் மாதிரிக் கிடைக்கும். ஆனால் தனியாள் ஒருவர் தன் பழைய கூடாரத்தை விற்றால் அவர் வியாபாரி இல்லை. நான் மேலே சொன்ன சட்டம் அவர்மேல் பாயாது. நேரில் போய், கட்டிப் பார்த்து, ஜிப்பை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். உள்பக்கம் பிசுபிசுத்தால், அல்லது பூச்சு உரிந்து வந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 500 வெள்ளிக்குள் உள்ள பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தகராறு வந்தால் நடுவர் மன்றத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் லேசு இல்லை. இருபது வெள்ளி கூடக் கொடுத்து உள்ளூரில் வாங்குவதே லாபம் என்பது என் கட்சி.

‘நாம் பிறந்த தோட்டம்தானே’

இந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் தம்பி, தோட்டம் என்றைக்கும் நம் பெயரில் இருந்ததில்லை. அது தனியார் நிலம். இரவில் யாரையும் கேட்காமல் கூடாரம் போட்டால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர்தான். காவலருக்கு உங்கள் அப்பா அங்கே சீவியது தெரியாது. செம்பனைக் குலை திருட்டு இருக்கும் இடங்களில், இருட்டில் விளக்கோடு திரிகிறவரை அவர் எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள். மட்டை விழும், பாம்பு வரும் என்பதெல்லாம் அப்புறம்.

வழியில் படுக்க இதைவிட நல்ல இடங்கள் நமக்கு உண்டு. கோயில் மண்டபம் ஒன்று போதும். முன்கூட்டியே கோயில் தலைவரைக் கூப்பிட்டு, இன்னார் பிள்ளை, இந்தத் தேதியில் ஓர் இரவு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் படுக்க இடத்தோடு காலையில் பசியாறவும் கிடைக்கும். பங்கோரில் உரிமம் உள்ள முகாம் இடமாக, காசு கொடுத்துத் தங்குங்கள். ஆற்றோரமும் சரிவின் அடியும் வேண்டாம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயேர்’ என்ற திடீர் ஆற்று வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங்காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சரிவு இறங்கியதில் 31 பேர் இறந்தார்கள். இடம் தேடும்போது முதலில் மேலே பாருங்கள், பிறகு தரையைப் பாருங்கள்.

காட்டு விஷயத்தில் இன்னும் கவனம். நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. தாப்பாவிலிருந்து ஏறுவதால் கேமரன் மலை பேராக் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. அது பகாங். காடு மாநில அரசின் கையில் இருப்பதால் அனுமதியும் பகாங் வனத்துறையில்தான் வாங்க வேண்டும். சில மலைகளுக்கு மலை வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். சைக்கிளில் போகும்போது சுங்கச் சாவடி நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள், அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. பழைய கூட்டரசு சாலையே போதும், டீக்கடையும் அதில்தான் இருக்கிறது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். ஜூன், ஜூலையில் கிளம்பினால் பரவாயில்லை. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, எல்லாச் சாமானையும் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய் ஓர் இரவு படுத்துவிட்டு வாருங்கள். எடுத்துப் போனதில் தொடாமலே திரும்பி வந்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தை மட்டும் அதுவரை தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே தராசுக்குப் போங்கள். முதல் பாரம் நிரப்புவதில் சந்தேகம் இருந்தால், எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.